அரை நாள் வேலை

மருமகள் தொட்டதுதான் தாமதம், அந்த ரப்பர் பட்டை பழைய சுவரின் சுண்ணாம்பு போலப் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் விழுந்தது. ஒரு காலத்தில் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்த ரப்பர். இரண்டு வருடமாக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போர்வைக்குள் நின்றதில் உயிர் போயிருந்தது.

"இது போச்சு மாமா" என்றாள்.

ஆர்கான்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துடைப்பத்தை எடுத்து வந்தாள். எடுத்து வந்தவள் கூட்டாமல் சற்று நேரம் நின்றாள். அந்தப் பட்டையை அளந்து, வெட்டி, ஒட்டியது அவருடைய மகன். கடைசியில் ஒரு செய்தித்தாளைக் கிழித்து, தூளை அதில் தள்ளி, நான்காக மடித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆர்கான்காரர் என்பது பட்டறையில் வந்த பெயர். ஓட்டல் சமையலறைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஸ்டீல் மேசை, கைகழுவும் தொட்டி, தள்ளுவண்டி எல்லாம் செய்து கொடுக்கிற பட்டறை அது. இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து ஆர்கான் வெல்டிங் பிடித்தாரென்றால், பாலிஷ் போட்ட பிறகு இணைப்பு எங்கே இருக்கிறதென்று அவரே தடவித் தேட வேண்டும். முப்பத்தோரு வருடம் ஒரே பட்டறை, ஒரே மூலை. வீட்டில்கூட மனைவிக்குக் கோபம் தலைக்கேறினால் "என்னங்க" போய் "ஆர்கான்காரரே" வந்துவிடும்.

மகன் அந்தத் தொழில் பக்கமே வரவில்லை. கடை கடையாகப் போய் எடை மெஷின் ரிப்பேர் பார்த்தான். ஒரு கிராம் கூடக் குறைய இருந்தாலும் தூக்கம் வராத பிள்ளை. அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு ஆசை. உரசலில் பிறக்கிற மின்சாரத்தை ஒரு பெரிய உலோகக் குண்டில் லட்சக்கணக்கான வோல்ட் சேர்த்து வைக்கிற எந்திரத்தை அவனுடைய வாத்தியார் கரும்பலகையில் வரைந்து காட்டி, "நம்ம ஸ்கூல்ல இது இல்ல, படத்தப் பாத்துக்கங்க" என்று சொல்லி அழித்துவிட்டாராம். அந்தப் படத்தை அவன் அழிக்கவில்லை. கல்யாணமான பிறகு, வேலையும் வீடும் நிலைப்பட்ட பிறகு, அதை நாமே செய்தால் என்ன என்று உட்கார்ந்தான்.

பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை அதில். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாய் இரண்டு உருளை. அவற்றைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. ஓட்டுவதற்குப் பழைய தையல் மெஷின் மோட்டார், அதன் கால் மிதியோடு. கீழே ஒரு செப்புக் கம்பித் தூரிகை, மேலே ஒன்று. பட்டை ஓட ஓட மின்சாரத்தைக் கீழிருந்து மேலே சுமந்துகொண்டு போய்க் குண்டில் கொட்டும். குண்டு என்பது இரண்டு பெரிய ஸ்டீல் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டியது. அதை ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு முழு நாள் அதற்கென்றே ஒதுக்கி, பாலிஷ் மேல் பாலிஷ் போட்டு, படுக்கை விரிப்பில் சுற்றிக் குழந்தையைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு பேரும் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மனைவிக்கு அதில் மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் குண்டு என்றே பெயர். ஒரு தடவை மகன் பேருந்தில் நின்றுகொண்டு போனில், "குண்டு இன்னும் ரெடியாகலம்மா, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லப்போக, சுற்றி இருந்த சீட்டெல்லாம் திரும்பிப் பார்த்ததாம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தான்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அது மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் இல்லை. இருபத்தொன்பது வயது.

மருமகள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காலையில் போவாள், மாலையில் வருவாள், மாமியாரோடு காய் நறுக்குவாள், ராத்திரி அந்த அறையில் படுப்பாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் ஒருவர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். பயந்து பயந்துதான் கேட்டாராம். அவள் வேண்டாமென்றாள். மாமியார்தான் ஒற்றைக் காலில் நின்றாள். "என் பொண்ணா இருந்தா இப்படி விட்டுடுவேனா?" என்று ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுது சம்மதிக்க வைத்தாள். பதிவு அலுவலகத்தில் தேதியும் குறித்தாகிவிட்டது. அவருக்கு மாற்றலாகியிருந்தது. வேறு ஊர், வேறு வீடு. இன்னும் நான்கு வாரம்.

அதன் மறுநாள்தான் மருமகள் அலமாரிக்குப் பின்னாலிருந்து போர்வையை உருவினாள்.

"அவரு இருக்கும்போது இது ஒழுங்கா ஓடவே இல்ல மாமா. பாதியில நிக்குது. நானும் பாதியில விட்டுட்டுப் போனா என்னமோ மாதிரி இருக்கு. ஓட வச்சுட்டுப் போறேன்."

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஷாக் கீக் அடிச்சுதுன்னா?"

"நான் தெனம் எழுபதாயிரம் வோல்ட்டோட குடும்பம் நடத்திட்டிருக்கேன் மாமா. இது என்ன பண்ணிடப் போகுது?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் குடும்பம் என்ற சொல் இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

அவர் மனைவி அந்த அறைக்குள் வரவில்லை. மகன் போனதிலிருந்தே வருவதில்லை. பெருக்குவது துடைப்பது எல்லாம் மருமகள்தான். தேநீர் கொண்டுவந்தால்கூட வாசற்படியோடு நின்று, டம்ளரை உள்ளே நீட்டிவிட்டுப் போய்விடுவாள்.

வேலை மளமளவென்று நடந்தது. குழாயின் உள்ளும் புறமும் படிந்த தூசியை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தார்கள். தூசியும் விரல் ரேகையும்கூட மின்சாரம் நழுவி இறங்க வழியாகிவிடுமாம். உருளைகளின் பேரிங்குகள் இறுகிப் போயிருந்தன. அவர் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி வந்தார். செப்புக் கம்பித் தூரிகையின் மயிரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் புதிதாக ஒன்று பிரித்துக் கட்டினாள். பட்டைக்குத்தான் அலைய வேண்டுமோ என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கையில், அவள் ஆஸ்பத்திரியில் கை கால் வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவிலிருந்து ஒரு அகலமான ரப்பர் பட்டையை வாங்கி வந்து நின்றாள். நோயாளிகள் பிடித்து இழுத்துப் பழகுகிற பட்டை. அதைச் சாய்வாக வெட்டி, நுனியோடு நுனி தேய்த்து மெலிதாக்கி, இணைத்த இடம் கையில் தட்டாதபடி ஒட்டினாள். ஒட்டியதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறையில் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

மகன் ஒரு நோட்டு வைத்திருந்தான். எடை மெஷின் கணக்கு எழுதுவது போலவே இதற்கும் எழுதியிருந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேதி, வெயிலா ஈரமா, எந்தப் பட்டை, எந்த உருளை, பொறி எவ்வளவு தூரம் பாய்ந்தது. இரண்டு சென்டிமீட்டர். இரண்டேகால். மெல்லிய பட்டை, ஒன்றே முக்கால். உருளையின் நடுவில் டேப் சுற்றினேன், பட்டை விலகவில்லை, ஆனால் பொறி அதே இரண்டு. டிரையர் வைத்துக் காய வைத்தேன், இரண்டரை. பக்கம் பக்கமாக இப்படியே போனது. கையெழுத்து எங்கேயும் சலிக்கவில்லை.

ஒரு மாலை அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ஒண்ணு கவனிச்சீங்களா மாமா?" என்றாள். "பட்டை, உருளை, தூரிகை, மோட்டாரு, குழாய், எல்லாத்தையும் சந்தேகப்பட்டிருக்காரு. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பாத்திருக்காரு. குண்டப் பத்தி மட்டும் ஒரு வார்த்த எழுதல. மறந்துட்டாரா என்ன? அவரு மறக்கற ஆளா?"

அவர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். "என்னமோ" என்றார்.

அவருக்குத் தெரியும்.

குண்டை ஒட்டிப் பளபளப்பாக்கியபின், குழாய் நுழைவதற்காக அதன் அடியில் வட்டமாக ஒரு வாய் வெட்ட வேண்டியிருந்தது. அதை அவர் கிரைண்டர் வைத்துப் பத்து நிமிடத்தில் வெட்டினார். வெட்டிய விளிம்பு கத்தி போல நின்றது. அடியில் இருப்பதுதானே, கண்ணுக்குத் தெரியாத இடம். பட்டறையில் மேசை செய்தால் மேற்பலகை முகம் பார்க்கிற மாதிரி இருக்கும், அடிப்பக்கம் கரடுமுரடாகத்தான் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

சில வாரம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் மகன் பட்டறைக்கே வந்தான். பையில் குண்டு. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் பார்த்தார்.

"அப்பா, இதோட அடி வாய் ரொம்பக் கூரா இருக்குப்பா. கூரா இருக்கற எடத்துலதான் கரண்ட் காத்துல கசிஞ்சு போயிடும். சுத்தி ஒரு குழாய் வளையம் வச்சு உருண்டையா ஆக்கித் தர முடியுமா?"

அன்றைக்கு ஒரு பெரிய ஓட்டல் வேலை. தொட்டி ஒன்று தப்பாக வளைந்துவிட்டதில் அவருக்குக் காலையிலிருந்தே எரிச்சல். அதோடு பக்கத்தில் பாலிஷ்காரரும் தகடு வெட்டுகிறவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? முப்பது வருஷத்துல என் கைவேலையில ஒரு சொட்டுத் தண்ணி கசிஞ்சதில்ல. என் புள்ளைக்குக் கரண்ட் கசியுதாம்!" என்றார். பட்டறையே சிரித்தது. மகனும் சிரித்தான். "அடியில யாருடா குனிஞ்சு பாக்கப் போறா? அப்புறம் பாக்கலாம், போ."

அவன் குண்டைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனான். மறுபடி கேட்கவில்லை. அவரும் அந்த அப்புறத்தை மறந்துபோனார். அதன் பிறகு பதினோரு மாதம் உயிரோடு இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்திரத்தைப் பூட்டி முடித்து ஓட்டிப் பார்த்தார்கள். புதுப் பட்டை ஓசையில்லாமல் ஓடியது. எர்த் கம்பி கட்டிய சின்ன உருண்டையை மருமகள் ஒரு பிளாஸ்டிக் கழியில் செருகி, குண்டின் அருகே மெல்லக் கொண்டுபோனாள். படக் என்று ஒரு சின்னப் பொறி. ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். மூன்று சென்டிமீட்டர்.

"இவ்வளவு பண்ணியும் மூணுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஏதோ தோன்றியவளாய், "இருங்க மாமா, ஜன்னல மூடிட்டு இருட்டுல ஓட்டிப் பாக்கலாம். எங்க கசியுதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும்" என்றாள்.

ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டினாள். கதவிடுக்கில் துண்டைச் செருகினாள். கண் பழகட்டும் என்று இருவரும் அந்தப் பட்டப் பகலின் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் மிதியை அழுத்தினாள். பட்டை ஓடும் சத்தம் எழுந்தது. அதோடு இன்னொரு சத்தமும், பாம்பு சீறுவது போல மெல்லிய இரைச்சல். கூடவே ஒரு வாடை. அந்த வாடை அவருக்குப் பழகியது. ஆர்கான் பிடிக்கும்போது மூக்கில் ஏறுகிற அதே காரம்.

குண்டின் மேற்பாதி இருட்டோடு இருட்டாக இருந்தது. அவர் ஒரு நாள் முழுக்கத் தேய்த்த இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் அடியில், அவர் வெட்டிய வாயைச் சுற்றி, ஊதா நிறத்தில் ஒரு வளையம் எரிந்துகொண்டிருந்தது. விளிம்பில் அவர் கிரைண்டர் தாவித் தாவிப் போன ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன ஊதாச் சுடர். எண்ணிவிடலாம் போலிருந்தது.

"அட! அங்க பாருங்க மாமா!" என்றாள் அவள் குரலில் குதூகலத்தோடு. "வாயில! எல்லாம் அங்கயேதான் போகுது. மேல ஏற ஏற அங்க கசிஞ்சுட்டே இருக்கு. இது ஏன் அவருக்குத் தோணாம போச்சு?"

இருட்டாக இருந்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று. "ரெண்டு வருஷமா கெடந்ததுல எங்கயாவது அடி பட்டு நெளிஞ்சிருக்கும்மா" என்றார். "நாளைக்குப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டாரேன்."

மறுநாள் பட்டறையில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலையில் இறங்கினார். விரல் தடிமனில் ஒரு ஸ்டீல் குழாயை வளைத்து வளையமாக்கினார். வாயின் விளிம்பைத் தேய்த்து அதன்மேல் வளையத்தைப் பொருத்தி, உள்ளும் புறமும் ஆர்கான் பிடித்தார். ஆறவிட்டார். பிசிறு தேய்த்தார். சொரசொரப்புத் துணியிலிருந்து மெதுத்துணி வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பாலிஷ் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கேயும் தடுக்கவில்லை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை.

பாலிஷ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். குண்டை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எதுவும் கேட்காமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் குண்டை மாட்டினார்கள். ஈரமில்லாத நாள். மருமகள் மிதியில் காலை வைத்தாள். பட்டை ஓடியது. சீறல் இல்லை. எந்திரம் வேலையே செய்யவில்லையோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. அவள் உருண்டையைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள். இன்னும் அரைச் சாண் தூரம் இருக்கையிலேயே, சுளீரென்று சாட்டை அடித்தது போல ஒரு பொறி வெள்ளையாகப் பாய்ந்தது. அவள் அலறிவிட்டாள். பிறகு சிரித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி சுளீர். சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"பதினொன்னரை மாமா! பதினொன்னரை சென்டிமீட்டர்!" அவள் கண்ணில் தண்ணீர். "பாத்திருந்தா தலகால் புரிஞ்சிருக்காது அவருக்கு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். மகனின் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டுத் தேதி போட்டாள். "என்னென்ன மாத்தினோம்னு எழுதிடலாம். பட்டை புதுசு, எழுதிட்டேன். தூரிகை. பேரிங்கு. அப்புறம் குண்டு வாய்." அதையும் எழுதினாள். "அடி பட்டு நெளிஞ்சிருந்தது, சரி செஞ்சோம். அப்படித்தானே மாமா?"

அவர் ஆமென்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச்சொல். நான்கு நாளில் அவள் போய்விடுவாள். அவள் பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அடி படல" என்றார்.

"என்ன மாமா?"

"அடியெல்லாம் ஒண்ணும் படலம்மா. அது மொதல்லேர்ந்தே அப்படித்தான் இருந்துச்சு. நான்தான் அப்படி வெட்டிக் குடுத்தேன். அவனுக்குத் தெரியும். பட்டறைக்கே வந்து கேட்டான், உருட்டிக் குடுங்கப்பான்னு. நாலு பேரு முன்னாடி அவனக் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். அப்புறம் பாக்கலாம்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்போ?"

"குண்டு செஞ்ச புதுசுல. அதுக்கப்புறம் அவன் பதினோரு மாசம் இருந்தான்."

அவள் நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு, அதற்கு முந்திய ஞாயிறு. இரண்டு. இரண்டேகால். ஒன்றே முக்கால். முதல் பக்கம் வரை போனாள்.

"இன்னைக்குப் பண்ணது எத்தன நாள் வேலை மாமா?"

கேட்பாள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. "அரை நாள்" என்றார்.

அவள் பேனாவின் மூடியை மூடினாள். அவசரமில்லாமல், அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூடினாள்.

"எனக்கு லீவுங்கறது ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான்" என்றாள், எந்திரத்தைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்காவது எங்கயாவது போலாம்பேன். இந்த ஒரு வாட்டி, இந்தப் பட்டைய மட்டும் மாத்திப் பாத்துடறேம்பாரு. சண்ட போட்டேன். ஒரு தடவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் பேசாம இருந்தேன். மொத்தமே ரெண்டு வருஷம். அதுல பத்து நாள்."

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் திட்டவில்லை. கை கழுவ எழுந்து போனாள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்த நான்கு நாளும் அவள் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள். மருந்து போட்டாச்சா என்று கேட்டாள். குடை எடுத்துட்டுப் போங்க என்றாள். எல்லாம் கேட்டாள், மாமா என்ற சொல் மட்டும் இல்லை. சொல்லின் முனையில் அது வந்து நிற்கிற இடம் ஒவ்வொரு தடவையும் காலியாக இருந்தது. அவர் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுந்தார்.

போகிற நாளில் எந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் மாமியாரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "இங்கயே இருக்கட்டும் அத்தை. அங்க போய் இத என்னன்னு சொல்லி வைப்பேன்?" நோட்டையும் விட்டுவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு படுக்கை, அவ்வளவுதான். மாமியாரும் மருமகளும் வாசலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு விடாமல் நின்றார்கள். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹார்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோய் அடிக்காமல் இருந்தார். கடைசியில் ஏறி உட்கார்ந்து, குனிந்து வெளியே பார்த்து, "வரேன்" என்றாள். அதன் பின்னால் உதடு இன்னும் ஒரு தடவை அசைந்தது போலிருந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்து நோட்டைத் திறந்து பார்த்தார். குண்டு வாய் என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, அதற்குமேல் எழுதாமல் விட்டிருந்தாள். அவர் பேனாவைத் தேடி எடுத்தார். சற்று நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த அறைக் கட்டிலில் படுத்திருந்தார். வாசற்படியில் நிழல் தட்டியது. மனைவி. வழக்கம் போல அங்கேயே நிற்பாள் என்று நினைத்தார். அவள் உள்ளே வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, குண்டின் அடியில் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு வளையத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க அவகிட்ட சொன்னது கேட்டுச்சு" என்றாள் நிமிராமல். "எனக்கு முன்னாடியே தெரியும். பட்டறையிலேர்ந்து நேரா எங்கிட்டதான் வந்தான். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும்மா, நேரம் கெடைக்கறப்ப செஞ்சு தருவாரு, நீ ஒண்ணும் கேட்டுடாதன்னான்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதத் தொட்டா என்ன ஆகும்?" என்றாள்.

"ஓடும்போது கிட்டப் போனா சுளீர்னு அடிக்கும். ஓட்டறதுக்கு முன்னாடியே கைய வச்சுட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல நின்னா ஒண்ணும் ஆகாது. ஒடம்பு பூரா ஏறும். தெரியாது."

அவள் போய்க் குளியலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்தாள். துணியால் துடைத்தாள். வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, கையை விட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குண்டின் மேல் வைத்தாள், காய்ச்சலா என்று நெற்றியில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

"ஓட்டுங்க."

அவர் தள்ளி நின்று மிதியை அழுத்தினார். பட்டை ஓடியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவள் முன்கையில் இருந்த பூனைமயிர் எழுந்தது. நெற்றியோரத்தில் ஒரு நரைமுடி தானாகப் பிரிந்து காற்றில் நிமிர்ந்தது. இன்னொன்று. கொண்டை தளர்ந்திருந்ததால் ஒவ்வொரு இழையாக அது அவிழ்ந்துகொண்டே வந்தது. காற்றே இல்லாத அறையில், அவள் தலைமுடி முழுவதும் மெதுவாக மேலே எழும்பி, ஒன்றையொன்று தொடாமல் விரிந்து நின்றது.

"யாரோ தலையத் தடவிக் குடுக்கற மாதிரி இருக்குங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் வந்து நின்றது. அதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை.

அவருடைய கை தன்னையறியாமல் அவள் பக்கம் நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்போது தொட்டால் பொறி பாயும், இருவருக்கும் வலிக்கும். மிதியிலிருந்து காலை எடுத்துவிடலாமா என்று பார்த்தார்.

"நிறுத்திடாதீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அவர் காலை எடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் மேலிருந்த நரைத்த மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து, அவள் இருந்த பக்கமாகச் சாய்ந்தன.